சர்க்கரைவள்ளிக்குக் கொடி எங்கே கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரவள்ளியையே நம்பியிருக்கும் சேலம், நாமக்கல், தருமபுரி விவசாயிகள் மாற்றுப் பயிருக்குப் போக வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாற்றுப் பயிர்களின் வரிசையில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். நாலு மாதத்தில் விளையும், செலவு குறைவு, சத்து அதிகம் என்று. எல்லாம் சரிதான். சில வருஷங்களாக அதைப் போட்டு வருகிறவள் என்பதால் அந்த ஒரு வரிக்கு மேல் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு ஆத்தூர் பக்கம், கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற ஊர். ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலமும் ஒரு கிணறும் உண்டு. பங்குனி பிறந்துவிட்டால் அந்தக் கிணற்றில் மோட்டார் காலையில் ஒரு மணி நேரம் ஓடுவதே பெரிது. இப்படிப்பட்ட நிலம்தான் எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு. அதனால்தான் எல்லாரும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போட்டோம். குச்சியை நட்டுவிட்டுப் பத்து மாதம் அதைப் பெரிதாகக் கவனிக்காமல் விடலாம், வறட்சியைத் தாங்கும், சேகோ (ஜவ்வரிசி) ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. குறை என்னவென்றால் அந்தப் பத்து மாதமும் கையில் காசு வராது. கடைசியில் ஆலை வாசலில் வண்டியை நிறுத்தினால் அவர்கள் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்த்துச் சொல்வதுதான் விலை. கிழங்கைப் பிடுங்கிய பிறகு திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது, ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். அது ஆலைக்காரருக்கும் தெரியும்.

இதற்கு நடுவில்தான் மாவுப்பூச்சி வந்தது. 2020-இல் கேரளத்தில் திருச்சூர் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் எங்கள் பக்கத்துக்கும் ஏறிவிட்டது. கொழுந்தெல்லாம் சுருண்டு முண்டு முண்டாக நின்றது. பெங்களூரில் இருக்கிற தேசியப் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்த மாவுப்பூச்சியைக் கொல்லுகிற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து 2022 மார்ச்சில் இங்கே ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் விட்டார்கள். அந்தக் குளவி வேலை செய்தது, நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒரே பயிரை ஊர் முழுக்கப் போட்டால் என்ன ஆகும் என்று அந்த இரண்டு வருஷத்தில் எங்களுக்குத் தெரிந்துபோனது. நிலத்தில் பாதியை வேறு பயிருக்கு விடலாம் என்ற முடிவு வீட்டில் அப்போது எடுத்ததுதான்.

சர்க்கரைவள்ளி எங்களுக்குப் பொருந்திய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 110 முதல் 120 நாளில் பறித்துவிடலாம். ஸ்ரீ அருண் மாதிரி ரகங்கள் 90, 100 நாளிலேயே வந்துவிடும். நட்டுப் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், வேர் பிடித்த பிறகு வாரம், பத்து நாளைக்கு ஒரு தண்ணீர். கொடி தரையை மூடிவிட்டால் களைக்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. பறித்த பிறகு அந்தக் கொடி முழுவதும் மாட்டுக்குத் தீனி, கறவை மாடு விரும்பித் தின்னும். கொழுந்து இலையை நாமே பருப்பில் போட்டுக் கீரையாகக் கடையலாம், நீரில் வளர்கிற வள்ளைக்கீரையின் சாதிதான் இதுவும். எல்லாவற்றையும் விட, ஆலைக்காரர் ஒருவரின் வாசலில் நிற்க வேண்டாம். தலைவாசல் சந்தைக்குப் போகலாம், ஆத்தூர் உழவர் சந்தையில் நானே உட்கார்ந்து விற்கலாம், வேகவைத்து விற்கிறவர்கள் தோட்டத்துக்கே வந்து வாங்கிப் போவார்கள்.

செலவு குறைவு என்று எழுதும்போது ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும். உரச் செலவுதான் குறைவு, பறிக்கிற கூலி குறைவில்லை. யூரியாவை அள்ளிப் போட்டால் கொடி காடாக ஓடும், அடியில் தோண்டினால் விரல் பருமனுக்கு வேர்தான் இருக்கும். தொழு உரமும் பொட்டாஷும்தான் இதற்கு முக்கியம். பறிக்கும்போது மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் மூன்றில் ஒரு கிழங்கு வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை வியாபாரி ஒதுக்கிவிடுவார். அதனால் பார் ஓரத்தில், அதாவது கொடி நட்ட மண்மேட்டின் ஓரத்தில் கொத்திக் கையால் இளக்கி எடுக்க வேண்டும். மெதுவான வேலை, பெண்கள்தான் செய்வார்கள். எடுத்த கிழங்கைக் கழுவாமல் நிழலில் கோணிச் சாக்குப் போட்டு மூடி நாலைந்து நாள் வைத்தால் கீறல் ஆறித் தோல் இறுகும், அப்புறம் வாரக்கணக்கில் தாங்கும். சந்தையிலோ கழுவிப் பளபளவென்று சிவப்பாக இருந்தால்தான் வாங்குகிறார்கள். கழுவின கிழங்கு மூன்றாம் நாளே அழுக ஆரம்பிக்கும். நகரத்தில் வாங்குகிறவர்கள் மண் ஒட்டின கிழங்கைக் கேட்டு வாங்கினால் எங்களுக்கும் நல்லது, அவர்கள் காசுக்கும் நல்லது.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். நெல்லுக்கு விதை வேண்டுமென்றால் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகலாம். தக்காளி, கத்தரிக்கு நாற்றுப் பண்ணை ஊருக்கு ஊர் இருக்கிறது. மரவள்ளிக்குப் போன வருஷத்துக் குச்சியே போதும், வெட்டி நிழலில் நிறுத்தி வைத்தால் இரண்டு மாதம் கெடாது. சர்க்கரைவள்ளிக்கு விதை கிடையாது, கொடியைத்தான் துண்டாக்கி நட வேண்டும். கொடி இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. தைப் பொங்கலுக்குப் பறித்துவிட்டால் அடுத்த நடவு ஆடியிலோ ஆவணியிலோ. நடுவில் இருக்கிற மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி ஐந்து மாதமும் கொடியை யார் உயிரோடு வைத்திருப்பது? தண்ணீர் இருக்கிறவர் வைத்திருக்கலாம். ஆனால் தண்ணீர் இருக்கிறவர் சர்க்கரைவள்ளி போடுவதில்லை, அவருக்கு வாழை இருக்கிறது, கரும்பு இருக்கிறது, பாக்கு இருக்கிறது. வேண்டியவன் கையில் தண்ணீர் இல்லை.

அதனால் என்ன நடக்கிறது என்றால், நடவு நேரத்தில் யாராவது வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் கொடி கொண்டுவருவார்கள். நானும் அப்படி ஒரு வியாபாரியிடம் வாங்கியிருக்கிறேன். கட்டைப் பிரித்தால் உள்ளே சூடேறி இலையெல்லாம் வெந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை, பாதியாவது துளிர்த்தது. அந்தக் கொடியோடு கூன்வண்டும் வந்தது. கட்டெறும்பு மாதிரி ஒல்லியாக, தலை கருநீலம், கழுத்து சிவப்பு. கொடியின் அடித்தண்டில் முட்டை வைத்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கிழங்கு இறங்குகிற சமயத்தில் மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாக வண்டு உள்ளே இறங்கும். புழு துளைத்த கிழங்கை ஒன்று வெட்டிப் பாருங்கள், பச்சையும் கறுப்புமாக ஓட்டைகள், மூக்கில் ஏறுகிற ஒரு நெடி. வேகவைத்தாலும் கசக்கும். ஒரு மூட்டையில் நாலு கிழங்கு அப்படி இருந்தால் மூட்டையையே திருப்பி அனுப்புவார்கள்.

இந்த வண்டுக்கு மருந்தடிப்பதைவிட முன்னெச்சரிக்கைதான் பலன் தருகிறது. அடித்தண்டை விட்டுவிட்டுக் கொழுந்துப் பகுதிக் கொடியை மட்டும் நடுவது, மாதம் ஒரு தரம் மண் அணைத்து வெடிப்பை மூடுவது, நாள் கடத்தாமல் பறிப்பது, பறித்த இடத்தில் துண்டுக் கிழங்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் பொறுக்குவது, அதே வயலில் அடுத்த பட்டம் அதையே போடாமல் நிலக்கடலையோ உளுந்தோ போடுவது. பெண் வண்டின் வாசனையை வைத்து இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது, அதில் ஆண் வண்டு மட்டும்தான் விழும், இருந்தாலும் வைக்கத்தான் வேண்டும். இவ்வளவும் நான் செய்து பக்கத்து வயல்காரர் செய்யாவிட்டால் பாதிப் பலன்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல்படி சுத்தமான கொடி. அதைப் பணம் கொடுத்தாலும் எங்கள் வட்டாரத்தில் வாங்க முடியவில்லை.

எவ்வளவு கொடி வேண்டும் என்று ஒரு கணக்கு. இரண்டு அடிக்கு ஒரு பார், பாரில் 20 செ.மீ.க்கு ஒரு துண்டு என்று வைத்தால் ஏக்கருக்கு 33,000 துண்டு ஆகும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் இருக்கிற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963-லிருந்து இதற்கென்றே வேலை செய்கிறது. நாற்றங்காலுக்கு அவர்கள் சொல்கிற முறை ஏக்கர் கணக்கில் இப்படி வரும்: நல்ல நடுத்தரக் கிழங்கு 30, 35 கிலோ எடுத்து ஒரு சென்ட் இடத்தில் நட வேண்டும். நாற்பது நாற்பத்தைந்து நாளில் அதில் வருகிற கொடியை வெட்டி ஐந்து சென்ட் இடத்தில் நட்டால் இன்னொரு நாற்பத்தைந்து நாளில் ஒரு ஏக்கருக்குக் கொடி தயார். வெட்டிய கொடியைக் கட்டி ஈரத்துணியால் மூடி இரண்டு நாள் நிழலில் வைத்து நட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு சென்ட் இடம், மூன்று மாதம். ஆடியில் நட வேண்டுமென்றால் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆறு சென்ட்டுக்குத் தண்ணீர் என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். வீட்டுக்குக் குடிதண்ணீரே இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற மாதத்தில் பெரிய விஷயம்தான். இதே ஆறு சென்ட்டை நூறு பேர் தனித்தனியாக வைத்துக் காய விடுவதற்குப் பதில் தண்ணீர் வசதியுள்ள ஓர் இடத்தில் வைத்தால் வேலை முடிந்தது. எங்களுக்குப் பக்கத்தில் கருமந்துறையில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது, நூற்றுக்கணக்கான ஏக்கர். மா ஒட்டு, கொய்யாப் பதியன் எல்லாம் அங்கே உற்பத்தி செய்கிறார்கள். அதில் ஒரு ஏக்கர் ஒதுக்கி வண்டில்லாத கொடி வளர்த்து, கட்டு இவ்வளவு என்று விலை வைத்துக் கொடுக்கட்டும். இலவசமாக வேண்டாம். இலவசம் என்றால் யாருக்குக் கிடைக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பதிவு செய்தவர்களுக்கு நடவு வாரத்தில் காலையில் வெட்டி அன்றைக்கே கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம். பண்ணையில் முடியாதென்றால் கிணற்றில் தண்ணீர் உள்ள மகளிர் குழு ஒன்றுக்கு வட்டாரத்துக்கு ஒன்றாக அந்த வேலையைக் கொடுத்து, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தார் வந்து பார்த்து வண்டில்லை என்று உறுதி செய்தால் போதும்.

இது நடக்காத காரியம் இல்லை. மொசாம்பிக், உகாண்டா மாதிரி நாடுகளில் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி பரவியதற்கு நல்ல ரகம் மட்டும் காரணம் இல்லை. பள்ளத்தில் ஈரமுள்ள நிலம் வைத்திருந்த விவசாயிகளுக்குச் சுத்தமான கொடியைக் கொடுத்து, பெருக்கி, ஊருக்குள் விற்க வைத்தார்கள். அந்த வேலையில் இருந்த மரியா ஆண்ட்ரேட், ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு 2016-இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது. கோடை நீண்ட இடங்களில் அவர்கள் சொல்லிக்கொடுத்த இன்னொரு முறையை நானும் செய்கிறேன், செலவே இல்லாதது. பறிக்கும்போது சின்னதாக, ஓட்டையில்லாத, காயமில்லாத கிழங்குகளைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். அகலமான பிளாஸ்டிக் கூடையில் காய்ந்த மணல் ஒரு படுகை, அதன்மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிழங்கு, மறுபடி மணல் என்று அடுக்கி வீட்டுக்குள் வெயில் படாத மூலையில் வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை கிளறி அழுகினதைத் தூக்கிப் போட வேண்டும். கோடையில் தானாக முளை விட்டிருக்கும், அதை எடுத்து வாய்க்கால் ஓரத்தில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் நட்டால் கொடி கிடைக்கும். ஆனால் இதில் கால் ஏக்கர், அரை ஏக்கருக்குத்தான் ஆகும். முழு நிலத்துக்கும் இதை நம்ப முடியாது.

அடுத்தது விலை. இங்கே சர்க்கரைவள்ளி என்றால் பொங்கல்தான். படையலுக்குக் கிழங்கு வேண்டும் என்று மார்கழிக் கடைசியில் சந்தையில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அதனால் எல்லாரும் பொங்கலுக்கு வருகிற மாதிரியே நடுகிறோம், எல்லார் கிழங்கும் ஒரே வாரத்தில் வருகிறது. தை மூன்றாம் தேதி சந்தையில் விசாரித்தால் வியாபாரி முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார். மாதம் மாதம் கொஞ்சமாக நட்டால் இந்தத் தலைவலி குறையும். ஆனால் மாதம் மாதம் நடுவதற்கும் கொடிதான் வேண்டும், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது.

வருஷம் முழுக்க வாங்குவதற்கு ஒரு கை வேண்டும். அரசு சத்துணவில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வறுவல் போடுகிறார்கள். உருளை சமவெளியில் எங்களுக்கு விளைவதில்லை, வெளியிலிருந்துதான் வருகிறது. அதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள் அந்தந்த ஒன்றியத்தில் விளைந்த சர்க்கரைவள்ளியை வேகவைத்துப் போடலாம். அதுவும் ஆரஞ்சு ரகமாக இருந்தால் வைட்டமின் ஏ-க்கு இதைவிட மலிவான வழி இல்லை. பூ சோனா என்று ஒரு ரகம், புவனேசுவரத்தில் உருவானது, உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறுகிற பீட்டா கரோட்டின் அதில் நூறு கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதற்கு ஒரு சிறு கிழங்கே போதும். ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை: ஆரஞ்சுக் கிழங்கு கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும், நம் ஊர்ச் சிவப்புத்தோல் கிழங்கு மாதிரி மாவாக உதிராது. உழவர் சந்தையில் பெரியவர்கள் ஒரு தடவை வாங்கிவிட்டு மறு தடவை வேண்டாம் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, நிறத்தைப் பார்த்தே கேட்கிறார்கள். அதனால்தான் சத்துணவு என்கிறேன்.

காட்டுப்பன்றியைப் பற்றி எழுதாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மலை ஓரத்தில் சர்க்கரைவள்ளி போடுவது பன்றிக்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான், ஒரே இரவில் நாலு பார் காலி. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசாணை வந்தது. மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிற எங்கள் மாதிரி ஆட்களுக்குச் சுடும் அனுமதி இல்லை; ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விடுவதுதான், ஒரு கிலோமீட்டருக்குள் அதுவும் இல்லை. மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள் வேலி போட முடியாதென்றால் இந்தப் பயிருக்கு வர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மாற்றுப் பயிர் என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

களிமண் நிலத்துக்காரர்களும் யோசித்துச் செய்ய வேண்டும், கிழங்கு கோணல்மாணலாக வரும், தண்ணீர் தேங்கினால் அழுகும். வேர் முடிச்சு நூற்புழு உள்ள தோட்டமாக இருந்தால் ஸ்ரீ பத்ரா என்ற ரகம் அதைப் பிடித்து அடக்குகிறது. தக்காளி போட்டு நூற்புழுவால் நொந்தவர்கள் ஒரு பட்டம் அதைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் கொடி கேரளத்துக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும் என்பது வேறு கதை.

தோட்டக்கலைத் துறையினர் உங்கள் தாளைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மாற்றுப் பயிருக்கு விழிப்புணர்வுக் கூட்டம், கண்காட்சி, நோட்டீஸ் எல்லாம் நடத்துகிறார்கள், டீயும் வடையும் நன்றாகவே இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் பதிலாக அந்தச் செலவில் ஒரு சென்ட் நாற்றங்கால் ஆரம்பிக்கட்டும். ஆடிப் பட்டத்துக்குக் கொடி கொடுக்க வேண்டுமென்றால் சித்திரை முதல் வாரத்துக்குள் கிழங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். விதைக் கிழங்கு தை அறுவடையிலேயே எடுத்து வைக்க வேண்டியது. எடுத்து வைக்க இடமில்லை என்றால் சொல்லட்டும், எங்கள் குழுவில் வைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
சிறு விவசாயி ஒருத்தி,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.